சிரிப்பும் உடன்பாடும்: 'சூது கவ்வும்' படத்தை முன்வைத்து

குற்றத்தையும் அவலத்தையும் காட்டிச் சிரிக்க வைக்கும் படங்களை இன்று 'பிளாக் காமெடி' என்கிறார்கள். தமிழில் இவ்வகைக்குப் பேர் வாங்கித் தந்தவற்றுள் ஒன்று, நலன் குமாரசாமி இயக்கி 2013 மே முதல் நாள் வெளியான 'சூது கவ்வும்'. 2024 டிசம்பரில் இதன் இரண்டாம் பாகமும் வந்தது. ஐரோலி மைண்ட்ஸ்பேஸ் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் முதல் படத்தை இன்றும் கொண்டாடுகிறார்கள். அடியேனுக்கு அது பிடிக்கவில்லை. "வயசாச்சு, அதான்" என்று அவர்கள் முடித்துவிடுகிறபடியால், காரணத்தைச் சற்று விளக்கமாகச் சொல்ல முயல்கிறேன்.

கதை

தாஸ் (விஜய் சேதுபதி) ஆள் கடத்துபவன். கற்பனைக் காதலி ஒருத்தியோடு பேசிக்கொண்டு, ஐந்து விதிகள் வகுத்துத் தொழில் நடத்துகிறான். வேலையில்லாத மூன்று இளைஞர்கள் அவனோடு சேர்கிறார்கள். நேர்மையான அமைச்சர் ஞானோதயத்தின் மகனைக் கடத்தப் போனால், அவனோ அப்பாவிடம் பணம் பறிக்கத் தன்னையே கடத்திக்கொள்ளத் துணிந்தவன்! முடிவில் அப்பா ஓரங்கட்டப்படுகிறார். மகன் பதவிக்கு வருகிறான்.

நகை நான்கு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் படம் நன்கு விளங்கும். திருட்டுத் தொழிலுக்கு விதி எழுதி வைத்துக்கொண்டு தாஸ் திண்டாடுவது பேதைமையால் வரும் நகை. அதில் நானும் வாய்விட்டுச் சிரித்தேன், மறைப்பானேன்? பிற்பாதியில் நகை இடம் மாறுகிறது. லஞ்சம் வாங்காத ஞானோதயம்தான் அங்கே பிழைக்கத் தெரியாதவர். எள்ளல் அவர் மேல் பாய்கிறது.

கெட்டவர்கள் புதியவர்களா?

நாயகன் நல்லவனாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் வடமொழியில் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' காஞ்சித் தெருவில் நடப்பது. குடிகாரக் கபாலி, அவனுடைய துணைவி, சபலம் பிடித்த பிக்கு என்று ஒருவரும் உருப்படியானவர் இல்லை. எங்கள் சமணத்தையும் கபாலி வைது பேசுகிறான். ஆனாலும் அதைப் படித்து ரசிக்க முடிகிறது. காணாமல் போனது பிச்சை வாங்கும் மண்டையோடு. தூக்கிப்போனது ஒரு நாய். எந்த வீட்டிலும் அழுகை இல்லை.

1954-இல் வந்த 'ரத்தக் கண்ணீர்' இன்னொரு சான்று. எம்.ஆர். ராதாவின் மோகனசுந்தரத்தைப் போல வெறுக்கத்தக்க நாயகன் அபூர்வம். அவன் நக்கலுக்குத் தியேட்டரே சிரித்தது. ஆனால் அவனால் நொந்த மனைவி சந்திராவைப் படம் மறைக்கவில்லை. கடைசியில் தனக்கு ஒரு சிலை வைத்து, தன்னைப் பார்த்து ஊர் திருந்தட்டும் என்று அவனே கேட்கிறான்.

வியாபாரிகள் அறிந்த கடத்தல்

'சூது கவ்வும்' படத்தில் பணம் கொடுக்கும் சாதாரணக் குடும்பங்கள் மின்னல் வேகத்தில் வந்து போகின்றன. 1990-களில் மும்பையில் கடை நடத்தியவர்களுக்கு அது அவ்வளவு சீக்கிரம் கடந்து போகிற விஷயம் இல்லை. போன் வரும். பேர் சொல்வான், பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் எதுன்னு சொல்வான், தொகை சொல்வான். மராட்டியில் 'கண்டணி' என்பார்கள். 1997 ஆகஸ்டு 12 அன்று கேசட் கம்பெனி அதிபர் குல்ஷன் குமார் அந்தேரியில் கோயிலுக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டபோது, சிறு வியாபாரிகள்கூடக் கதிகலங்கிப் போனோம். எனக்குத் தெரிந்த மளிகைக்காரர் ஒருவர் மகனை ஊருக்கே அனுப்பிவிட்டார்.

உடன்படுதல்

சமண நூல்கள் வினையை மூன்றாகப் பிரிக்கும்: தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல். மூன்றாவதை அனுமோதனை என்பர். சிரிப்பையும், ஹாஸ்யம் என்ற பெயரில், ஒன்பது நோகஷாயங்களில் முதலாவதாகத் தத்துவார்த்த சூத்திரம் வைக்கிறது. சிரிப்பே பாவம் என்பது இதன் பொருளாகாது. சிரிப்பு மனத்தை அசைக்கும். அசைந்த மனம் தன்னை அறியாமல் ஒரு பக்கம் சாயும் என்பதே கருத்து.

"நாட்டில நடக்கிறதைத்தானே காட்டுறாங்க?" என்பார்கள் பிள்ளைகள். நியாயமான கேள்விதான். நேர்மையானவர் தோற்பதைக் காட்டுவது உண்மை பேசுவதாகும். அவர் தோற்கும்போது நம்மைக் கைதட்ட வைப்பது அனுமோதனை.

படத்தின் பெயர் பாரதியின் 'பாஞ்சாலி சபத'த்திலிருந்து வந்தது. கொதிக்கும் வீமனை அருச்சுனன் ஆற்றும் இடம் அது. அங்கே சூது அறத்தைக் கவ்வும் என்பது பாதிப் பேச்சு. அறம் திரும்பவும் வெல்லும் என்பது மீதி. படம் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

படத்தைப் பார்க்கவேண்டாம் என்று யாரையும் தடுக்கவில்லை. இசையும் நடிப்பும் முதல் தரம். வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்தே பாருங்கள். பார்த்து முடித்ததும், "ஞானோதயம் என்ன தப்பு செய்தார்?" என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.