குருளைக்குக் கூண்டு: சிறையா, படுக்கையா?

நாயின் இளமைக்குக் 'குருளை' என்பது பழந்தமிழ்ப் பெயர். நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமைக்கும் அப்பெயர் உரியது என்றும், அவற்றைக் குட்டி, பறழ் என வழங்குதலும் விலக்கன்று என்றும் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. நாலடியாரோ, பழகியவன் எறிந்த வேல் உடலில் நிற்கவும் வாலைக் குழைக்கும் நாயின் அன்பை நட்புக்கே அளவுகோலாக்குகிறது. இவ்வளவு போற்றிய நம்மவர் குருளையை வளர்க்கும் முறையில் போதிய கருத்துச் செலுத்தினரா என்பது எண்ணத்தக்கது.

பேராக் ஆறு கடலோடு கலக்கும் பாகான் டத்தோ வட்டாரத்தில், தென்னந்தோப்புகளுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் இடையே வாழும் குடும்பங்களுக்கு நாய் நல்ல காவல். ஆயின், பெரும்பாலும் அது அவிழ்த்துவிடப்பட்டுத் திரியும். அன்றேல் வாசலில் சங்கிலியோடு காலங் கழிக்கும். ஆசையோடு கொண்டுவந்த குட்டி வீட்டுக்குள் அசுத்தம் செய்துவிட்டால், முதலில் அடி, பின்னர்ச் சாலையோரம். பிழை குட்டியுடையது அன்று. அதற்கு இடமும் நேரமும் வகுத்துக் கொடாதவருடையது. அவ்வாறு வகுத்துக் கொடுப்பதே கூண்டுப் பழக்கம்.

இப்பழக்கத்தின் அடிப்படை நாயின் இயல்பிலேயே உள்ளது. பிறந்து மூன்று வாரமளவில், நடக்கத் தொடங்கிய குட்டி படுத்த இடத்தை விட்டு விலகிச் சென்றே கழிவு நீக்கும். தான் உறங்கும் இடத்தைத் தானே கெடுக்க நாய் விரும்பாது. அவ்வியல்பைக் காத்துக்கொள்ளுமாறு கூண்டு அமைதல் வேண்டும். குட்டி நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் போதும். மிகப் பெரிதானால் ஒரு மூலை படுக்கையாகும். மறு மூலை கழிப்பிடமாகும். வளர்ந்த பின்னும் பயன்படவேண்டுமெனப் பெரிய கூண்டு வாங்குவோர், நடுவே தடுப்புப் பலகை ஒன்று வைத்து, குட்டி வளர வளர நகர்த்திக்கொள்ளலாம்.

நம் நாட்டு வெப்பத்துக்குக் கம்பிக் கூண்டே ஏற்றது. நாய்க்கு உள்ளங்காலில் அன்றி உடலில் வியர்வை பெரிதும் சுரப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்தே அது சூட்டைத் தணிக்கிறது. ஈரக் காற்றில் அம்முயற்சியும் முழுப்பயன் தாராது. ஆகவே தகரக் கூரையின் கீழும், வெயில் படும் இடத்திலும் கூண்டை வைத்தல் உயிருக்கே கேடு. வீட்டினுள், காற்றோட்டமும் மனிதர் நடமாட்டமும் உள்ள மூலையே தக்க இடம். கடலோரத் தாழ்நிலமாதலின், தரை ஈரம் ஊறும் வீடுகளில் இரண்டு செங்கல் உயரத்தில் அதனை அசையாமல் நிறுத்துதல் நன்று. கம்பித்தளம் காலை வருத்தும். அதன்மேல் கழுவக்கூடிய தட்டு வேண்டும்.

குட்டி வருமுன்னரே சேர்த்து வைக்கவேண்டிய பிற பொருள்கள் சில. விரிக்கப் பழைய கைலி அல்லது துண்டு. அதனைத் தாய்நாயோடு ஓரிரவு கிடத்தி எடுத்துவந்தால், அந்த மணம் முதல் இரவின் அழுகையைக் குறைக்கும். கவிழாத தண்ணீர்க் கிண்ணம். கடிப்பதற்கு உறுதியான ரப்பர்ப் பொருள். தேங்காய் மட்டை எளிதிற் கிடைப்பினும், விழுங்கிய நார் குடலை அடைக்கக்கூடும். சமைத்த கோழி எலும்பும் ஆகாது. வெளியே அழைத்துச் செல்லக் கழுத்துப் பட்டையும் வாரும்; கம்பியில் சிக்கும் என்பதால், கூண்டினுள் பட்டையைக் கழற்றிவிடல் வேண்டும். அசுத்தத்தைத் துடைக்கக் காடி கலந்த நீர். அம்மோனியா கலந்த மருந்து சிறுநீரின் மணத்தையே ஒத்திருத்தலின், குட்டியை அதே இடத்துக்கு மீண்டும் அழைக்கும்.

இவற்றோடு ஒரு கடிகாரமும் ஒரு குறிப்பேடும் வேண்டும். வயது மாதக் கணக்கோடு ஒன்று கூட்டினால், குட்டி அடக்கியிருக்கக்கூடிய மணிநேரம் ஏறத்தாழக் கிடைக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. அதுவும் உச்ச அளவு. உண்டவுடன், உறங்கி விழித்தவுடன், விளையாடியவுடன் அதனை ஒரே இடத்துக்கு அழைத்துச் சென்று, காரியம் முடிந்ததும் பாராட்ட வேண்டும். தடுப்பூசி அட்டையும் அக்குறிப்பேட்டோடு இருத்தல் நலம். 1952-இல் மலாயாவில் பரவிய வெறிநோய், நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போட்டதனால் அடக்கப்பட்டது. அந்நோய் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017-இல் சரவாக்கிலும் மீண்டும் தலைகாட்டியது.

பழக்கும் முறை எளிது. முதலில் கதவைத் திறந்தே வைத்து உணவை உள்ளே இடுக. குட்டி தானே நுழையும். பின்னர்ச் சில நிமிடம் மட்டும் கதவைச் சாத்தி, அருகிலேயே இருந்து, நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுக. தண்டனையாக ஒருபோதும் உள்ளே தள்ளலாகாது. தள்ளிய அன்றே படுக்கை சிறையாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்க ஆராய்ச்சியாளரான ஸ்காட், புல்லர் இருவரும் 1965-இல் வெளியிட்ட நூலில், மூன்று முதல் பன்னிரண்டு வாரம் வரையுள்ள பருவமே நாய் பிறரோடு பழகக் கற்கும் முதன்மையான காலம் என்று காட்டினர். அப்பருவத்தில் நாள் முழுவதும் அடைபட்ட குட்டி, அஞ்சியோ சீறியோ வளரும். ஆதலின் விடியலில் வேலைக்குச் சென்று மாலையில் திரும்பும் வீட்டார், இடையில் வந்து திறந்துவிட ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்; இயலாதாயின், நிழலும் தண்ணீரும் உள்ள வேலியடைப்பே தக்கது. வளர்ப்புயிருக்கு ஏற்ற சூழலை அளித்தல் உரிமையாளரின் கடமை என்று, 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் வற்புறுத்துகிறது.

கூண்டு வெற்றி பெற்றது என்பதற்கு அடையாளம் பூட்டு அன்று. திறந்து கிடக்கும் கதவு. ஒரு நாள் யாரும் அழைக்காமலே நாய் தன் கைலி விரிப்பில் போய்ச் சுருண்டு படுக்கும். பிரம்பினால் வருவது அச்சம். ஒழுங்கான இடமும் நேரமும் தருவது பழக்கம். வகுப்பறைக்கும் இது பொருந்துமா என்பதை ஆசிரியர்கள் தாமே எண்ணிப் பார்க்கலாம்.