பாட்டியின் ஒன்பதரை மணி

பைபிளில் 1,189 அதிகாரங்கள். ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்று, நான்கு வாசிக்க வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் அப்படித்தான் தொடங்குவேன். ஆதியாகமமும் யாத்திராகமமும் சேர்ந்து 90 அதிகாரங்கள்; கதை இருப்பதால் ஓடிவிடும். லேவியராகமத்தில் பலிகளின் விவரம் வந்ததும் ஒரு நாள் தவறும். மறுநாள் ஆறு அதிகாரம் பாக்கி, அதற்கடுத்த நாள் ஒன்பது. பிறகு கடன்காரரைக் கண்டவள் போல் பைபிளைப் பார்த்தாலே ஒதுங்குவேன். (தேர்வுக்கும் இப்படித்தான் படிப்பேன் என்பது வேறு கதை.)

சென்ற ஆண்டு பாட்டிக்குப் பார்வை மங்கியது. "தினம் ஒரு அதிகாரம் வாசிச்சுக் காட்டும்மா" என்றார். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரம், சரியாக ஓராண்டு! இரவு ஒன்பதரைக்கு விடுதியிலிருந்து அழைப்பேன். ஆங்கிலத்திலேயே வாசித்துப் பழகிய நாக்கு 'வியாகுலம்' என்ற சொல்லில் தடுக்கும். பாட்டி பொறுமையாகத் திருத்துவார்.

தேர்வு வாரத்தில் நான்கு இரவு அழைக்கவில்லை. நான்கு இரவும் பாட்டி கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு பத்தரை வரை உட்கார்ந்திருந்தாராம். அம்மா சொல்லித்தான் தெரியும். வெட்கமாக இருந்தது.

"விட்ட நாலையும் இன்னைக்கே வாசிச்சிடவா பாட்டி?"

"எதுக்கு? நிறுத்துன இடத்துலேருந்து ஒண்ணு வாசி, போதும்."

அப்போஸ்தலர் நடபடிகள் 27. பவுலின் கப்பல் புயலில் சிக்கும் அதிகாரம்.

இப்போது 9.25க்கு அலாரம் வைத்திருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் ஒரு வசனத்தைத் தாண்டிப் போன இரவுகளும் உண்டு. பாட்டி கண்டுபிடித்துவிடுவார்.