பழைய கட்டிலும் பாட்டாளியின் தோளும்

தெருமுனைக் குப்பைத்தொட்டியின் அருகே ஒரு சோபா கிடக்கிறது. கால் ஒன்று இல்லை. வயிறு கிழிந்து உள்ளிருப்பது வெளியே பிதுங்குகிறது. நேற்றுவரை யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் விருந்தாளிகளை வரவேற்ற பெரிய மனிதர் அது. இன்றோ தெருநாய்க்குப் பஞ்சணை! இரவோடிரவாக அதைக் கொண்டுவந்து போட்டவர், கதவைத் தாழிட்டுக்கொண்டு, "அப்பாடா, தொலைந்தது!" என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

தொலைந்ததா? நாம் கேட்கிறோம். வீட்டைவிட்டுப் போயிற்று, உண்மை. ஊரைவிட்டுப் போயிற்றா?

சென்னை மாநகராட்சியில் 15 மண்டலங்கள், 200 வார்டுகள். நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. வீடு வீடாக வரும் பேட்டரி வண்டியில் வாளியளவு குப்பைக்கு இடம் உண்டு. மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு ஏது இடம்? காயலான் கடைக்காரர் இரும்பு பீரோவை எடைபோட்டு வாங்குவார். சோபாவைக் கண்டால் கையை விரிப்பார். ஆகவே அது தெருமுனைக்கு வருகிறது. அல்லது இருட்டோடு இருட்டாகக் கால்வாய்க்குப் போகிறது. ஐப்பசியில் மழை கொட்டி, தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, "சர்க்கார் என்ன செய்கிறது?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் கால்வாயின் வாயை அடைத்துக்கொண்டு கிடப்பது யார் வீட்டு மெத்தை என்பதையும் கேட்க வேண்டாமா?

கிடக்கிற சோபா தானாக நடந்து போய்விடாது. அதைத் தூக்குவதற்கு ஒரு தோள் வேண்டும். அந்தத் தோள் யாருடையது?

2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வடிந்ததும் தெருத் தெருவாக நனைந்த மெத்தைகள், ஊறிப்போன அலமாரிகள், உடைந்த கட்டில்கள்! தண்ணீர் குடித்த பஞ்சு மெத்தையை ஒருவர் தூக்கிவிட முடியுமா? வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் துப்புரவுத் தொழிலாளர்களை அழைத்து வந்தார்கள். ஆணி நீட்டிய பலகைகளுக்கும் கண்ணாடிச் சில்லுகளுக்கும் நடுவே நின்று, அவர்கள்தான் இந்த நகரத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். சர்க்கார் ஏட்டில் அவர்களுக்குத் "தூய்மைப் பணியாளர்" என்று பெயர் மாற்றியாயிற்று. பெயர் கனத்தது, சம்பளக் கவர் கனக்கவில்லை!

2025 ஆகஸ்டில் அந்தத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாரிடம் ஒப்படைக்காதே, வேலையை நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். நாட்கணக்கில் நீடித்த அந்தப் போராட்டத்துக்குக் கிடைத்த பதில், 13ஆம் தேதி நள்ளிரவில் கைது! நம் வீட்டுச் சோபாவைத் தூக்குகிறவரை நள்ளிரவில் தூக்கிச் சென்றார்கள். ஊர் தூங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை சாமான்கள் எங்கிருந்து வந்து குவிகின்றன? நம் பாட்டனார் வீட்டுத் தேக்குக் கட்டில் மூன்று தலைமுறைக்கு உழைத்தது. பிரம்பு நாற்காலி கிழிந்தால் பின்னிக் கொடுக்கும் கைகள் இருந்தன. இலவம்பஞ்சு மெத்தை அமுங்கினால், பிரித்து, அடித்து, வெயிலில் காயவைத்துத் திரும்பத் தைத்தார்கள். இன்றைய சரக்கு என்ன? மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திய பலகை. அதன் மேல் மரம் போலத் தோன்றும் காகிதம். ஒரு மழை நனைந்தால் உப்பிவிடும். ஒரு திருகாணி கழன்றால் மறுபடி பிடிக்காது. தச்சர் பழுது பார்க்க முடியாது. காயலான் கடைக்கும் ஆகாது. தவணையில் வாங்கினோம்; தவணை தீருமுன்னே சாமான் தீர்ந்தது! லாபம் விற்றவருக்கு, கடன் வாங்கியவருக்கு, சுமை தொழிலாளிக்கு. இதுதான் இன்றைய பங்கீடு.

"கொளுத்திவிட்டால் போயிற்று" என்பார் சிலர். சோபாவுக்குள் இருக்கும் நுரைமெத்தை எரிந்தால் எழுவது விஷப்புகை. 2018 போகியன்று எழுந்த புகையால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தன. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து, சுற்றிலும் வாழ்ந்த மக்கள் மூச்சுத் திணறினார்கள். விமானத்துக்காவது வேறு ஊர் உண்டு; குப்பைமேட்டருகே குடியிருப்பவர் எங்கே போவார்?

வழி இல்லாமல் இல்லை. ஜப்பானில் தோக்கியோ நகரத்தார், ஒரு பக்கம் 30 சென்டிமீட்டரைத் தாண்டும் சாமானைக் கழிக்க வேண்டுமானால், முன்கூட்டியே பதிவு செய்து, கட்டணச் சீட்டு வாங்கி ஒட்டி, குறித்த நாளில் வெளியே வைக்கிறார்கள். பிரான்சில் 2013 முதல் புதிய மேசை நாற்காலி விற்கும்போதே, பின்னாளில் அதைக் கழிப்பதற்கான தொகையும் விலையோடு சேர்கிறது. இந்தியாவிலும் 2022ஆம் ஆண்டு விதிகள் மின்னணுக் கழிவுக்கும் மின்கலத்துக்கும் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கின. கட்டிலும் சோபாவும் மெத்தையும் செய்து விற்பவர்களுக்கு மட்டும் அந்த விதிகளில் பொறுப்பு வைக்கவில்லை. ஏன் இந்தச் சலுகை?

சென்னை மாநகராட்சியும், பழைய சோபா, மெத்தை போன்றவற்றைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுக்கும் ஏற்பாட்டை 2025 அக்டோபரில் தொடங்கியது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் வண்டி வந்தால் மட்டும் போதாது. மாடிப்படியில் சுமந்து இறக்குவதற்கு ஆள் போதுமா? கையுறையும் காலணியும் உண்டா? முதுகு பிடித்துக்கொண்டால் சம்பளத்தோடு விடுப்பு உண்டா? பயன்படக்கூடிய கட்டிலைப் பழுது பார்த்து, இல்லாத வீட்டுக்குக் கொடுக்க ஏற்பாடு உண்டா? இவற்றுக்கு மாநகராட்சி பதில் சொல்ல வேண்டும். கழிக்கும் செலவைச் செய்து விற்கும் முதலாளி ஏற்க வேண்டும். தூக்கும் தொழிலாளிக்கு நிரந்தர வேலை வேண்டும். இந்த மூன்றும் நம் கோரிக்கைகள்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய கட்டிலைத் தெருமுனையில் போடுமுன், 1913 என்ற எண்ணை அழைத்து மாநகராட்சியிடம் கேளுங்கள். உழைக்கக்கூடியதானால் தேவைப்படும் குடும்பத்துக்குக் கொடுங்கள். எடுக்க வருகிறவர் வாசலில் நிற்கும்போது, "அதோ இருக்கிறது" என்று விரலை நீட்டிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். கட்டிலுக்கு இன்னொரு முனையும் உண்டு. அதை நாமும் பிடிப்போம்!