பாங்காக் நகரில் ஏழு நாள்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் தோட்டத்து வீடுகளில் பிள்ளைகளின் கேள்வி ஒன்றுதான்: "இந்த முறை எங்கே போகிறோம்?" பினாங்கும் பார்த்தாயிற்று, பத்துமலையும் பார்த்தாயிற்று. கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கும் குடும்பங்கள் தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்குக்குப் போய்வர எண்ணுகின்றன. ஆனால் அந்த நாட்டின் பழைய பெயரைச் சொன்னால் சில வீடுகளில் பாட்டியின் முகம் வாடிவிடும். 'சயாம்' என்பது அவர்களுக்கு உல்லாசப் பயணத்தின் பெயரன்று. ஆகவே பாங்காக்கில் ஒரு வாரத்தை எப்படிச் செலவிடலாம், அதில் ஒரு நாளை யாருக்காக ஒதுக்கி வைக்கலாம் என்பதை இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் பயணம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ரயில் நல்லது. பட்டர்வொர்த்திலிருந்து நேராகப் பாங்காக் வரை ஓடிய ரயில் 2016ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. இப்போது நம் ரயிலில் பாடாங் பெசார் வரை சென்று, அங்கே கடப்பிதழ்ச் சோதனையை முடித்துக்கொண்டு, மாலையில் புறப்படும் தாய்லாந்து ரயிலில் ஏற வேண்டும். இரவில் படுத்துறங்கலாம். மறுநாள் காலையில் விழித்ததும் பிள்ளைகளைச் சன்னலோரம் உட்கார வையுங்கள். பாங்காக் வருவதற்கு முன்பு பான் போங், நோங் பிளாடுக் என்று இரண்டு நிலையங்களை ரயில் கடக்கும். அந்தப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அங்கே திரும்பி வருவோம்.

பாங்காக் 1782இல் தலைநகரானது. அதை நிறுவியவர் முதலாம் இராமா என்னும் மன்னர். அந்த அரச மரபினர் இன்றும் 'இராமா' என்ற பெயரோடு எண்ணிட்டே குறிக்கப்படுகின்றனர். சாவ் பிரயா என்ற பெரிய ஆறு நகரை ஊடறுத்துச் செல்கிறது. அதில் பேருந்து போலவே துறைக்குத் துறை நின்று போகும் படகுகள் உண்டு. வாகன நெரிசலில் சிக்காமல் ஊர் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. வந்த அன்று களைப்பாற ஓய்வெடுத்து, மாலையில் படகில் ஒருமுறை போய்வாருங்கள். முதல் நாளுக்கு அது போதும்.

இரண்டாம் நாள் அரண்மனை. அதன் வளாகத்துக்குள்ளேதான் மரகதப் புத்தர் ஆலயம் இருக்கிறது. சிலை 66 சென்டிமீட்டர் உயரமே உடையது. பச்சைக் கல்லால் ஆனது. கோடை, மழை, குளிர் என மூன்று பருவங்களுக்கும் மன்னரே அதன் ஆடையை மாற்றுவார். ஆலயத்தைச் சுற்றியுள்ள மண்டபச் சுவர்களில் 178 ஓவியங்கள் வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. அவை நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதைதான். இராமாயணத்தைத் தாய் மக்கள் 'இராமகியன்' என்கிறார்கள். இராவணனுக்கு அங்கே 'தொசகன்' என்று பெயர். பத்துத் தலையுடைய தசகண்டன் என்ற பெயர்தான் அவர்கள் நாவில் இப்படி ஆயிற்று. ஒரு வேறுபாட்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நம் அனுமன் பிரமச்சாரி. அவர்கள் அனுமனோ கடலில் அணை கட்டும்போது மீன் வடிவான கன்னி ஒருத்தியைக் காதலிக்கிறான்! கதை கடல் கடந்தால் எப்படி மாறுகிறது என்பதற்கு இது ஒரு நல்ல பாடம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். தோளையும் முழங்காலையும் மூடும் உடை உடுத்தியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அடுத்து, வாசலுக்கு வெளியே யாராவது நெருங்கி வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்" என்று இனிக்க இனிக்கப் பேசினால் நம்பாதீர்கள். கடைகளுக்கு அழைத்துப் போய்ப் பணம் பறிக்கும் பழைய தந்திரம் இது. நேராக வாசலுக்கே போய்ப் பாருங்கள்.

மூன்றாம் நாள், அரண்மனைக்கு அருகிலுள்ள வாட் போ ஆலயம். 'வாட்' என்றால் கோயில். அங்கே 46 மீட்டர் நீளத்தில் புத்தர் சயனித்திருக்கிறார். அவருடைய பாதங்களில் 108 மங்கலச் சின்னங்களை முத்துச்சிப்பியால் இழைத்திருக்கிறார்கள். படகில் அக்கரைக்குப் போனால் வாட் அருண். சூரியனின் தேரோட்டியான அருணன் பெயர் கொண்ட ஆலயம் இது. அதன் கோபுரம் முழுவதும் பீங்கான் துண்டுகள் பதித்து அழகுபடுத்தப்பட்டது.

நான்காம் நாள் சென்று காண வேண்டியது 'இராட்சத ஊஞ்சல்'. மிக உயரமாக, சிவப்பு வண்ணம் பூசிய தேக்குத் தூண்கள் நடுச்சாலையில் நிற்கும். 1784இல் முதன்முதலாக அமைக்கப்பட்டது. இப்போது நிற்கும் மரங்கள் 2007இல் புதிதாக நடப்பட்டவை. முற்காலத்தில் இளைஞர்கள் இதில் வீசி ஆடி, உயரத்தில் கட்டிய பொற்காசுப் பையைப் பல்லால் கவ்வி எடுப்பார்களாம். ஆபத்து மிகுந்த அந்த ஆட்டம் 1935இல் நிறுத்தப்பட்டது. ஆனால் அந்த விழாவின் வழிபாடு நிற்கவில்லை. பக்கத்திலேயே இருக்கும் 'தேவஸ்தான்' என்ற கோயிலில் அரண்மனைப் பிராமணர்கள் இன்றும் அதை நடத்துகிறார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? 'திரியம்பாவை, திரிப்பாவை'! ஆம், நம் மார்கழி மாதத்துத் திருவெம்பாவை, திருப்பாவைதான். ஓதுவோருக்குத் தமிழ் தெரியாது. உச்சரிப்பும் வெகுவாக மாறிவிட்டது. ஆனாலும் எத்தனையோ தலைமுறைக்கு முன் கடல் கடந்து வந்த பாட்டு, பொருள் மறந்த பிறகும் காப்பாற்றப்பட்டு வருகிறது.

ஐந்தாம் நாள் சீலோம் சாலை. அங்கே 19ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய் மக்கள் அதை 'வாட் கேக்' என்பார்கள். 'கேக்' என்பது விருந்தாளி என்று பொருள்படும் சொல். இந்தியரையும் அப்படியே அழைப்பார்கள். பூவும் தேங்காயும் ஏந்தி வருவோரில் தாய் மக்களும் சீனரும் நிறைய இருப்பதைக் காணலாம். நவராத்திரி அங்கே பெரிய விழா. அன்றே சீனர் பகுதியிலுள்ள வாட் திரைமித்துக்கும் போகலாம். அங்குள்ள புத்தர் சிலை வெறும் சுண்ணச் சாந்துச் சிலை என்றே எல்லாரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1955இல் இடம் மாற்றும்போது சாந்து உடைந்தது. உள்ளே ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள பொற்சிலை!

நேரம் மிஞ்சினால் ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கரின் தேக்கு வீட்டைப் பார்க்கலாம். தாய்லாந்துப் பட்டை உலகறியச் செய்தவர் அவர். 1967இல் நம் கேமரன் மலையில் உலாவப் போய்க் காணாமற்போனவரும் அவரே.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மீன் சாறு சேராத தாய்ச் சமையல் குறைவு. சைவமாக உண்பவர்கள் 'ஜே' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்தோடு கொடி கட்டிய கடைகளைத் தேடினால் பசியாறலாம்.

இனி ஆறாம் நாள். இதைத்தான் ஒதுக்கி வைக்கச் சொன்னேன்.

ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் காஞ்சனபுரிக்குச் சாதாரண ரயில் புறப்படுகிறது. நோங் பிளாடுக்கில் அது பாதை பிரிகிறது. அங்கிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் போட்டதே சயாம் மரண ரயில் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களைச் சரக்கு வண்டிகளில் அடைத்து, நாம் வந்த அதே தடத்தில்தான் பான் போங்குக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல சம்பளம், சில மாத வேலை என்று ஆசை காட்டப்பட்டவர்கள் உண்டு. வலுக்கட்டாயமாகப் பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு. காட்டில் பசியும் அடியும் மலேரியாவும், 1943இல் பரவிய வாந்திபேதியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தன.

காஞ்சனபுரியில் இறங்கியதும் ஒரு போர்க் கல்லறைத் தோட்டத்தைக் காண்பீர்கள். நேச நாட்டுக் கைதிகள் 6,900க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வெட்டிய புல், வரிசையாகக் கற்கள், பெரும்பாலான கல்லில் பெயரும் வயதும். அந்தப் பாதையில் இறந்த கைதிகள் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களோ ஏறத்தாழ 90,000 பேர் இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். அவர்களில் மலாயாத் தமிழர் பெரும் பங்கினர். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. 1957இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற ஆங்கிலப் படமும் கைதிகளின் கதையைத்தான் சொன்னது.

ஆனால் அடையாளமே இல்லை என்று எண்ண வேண்டாம். அதே ஊரில் தாவோர்ன் வராராம் என்ற பௌத்த ஆலயம் இருக்கிறது. தொழிலாளர்களின் எலும்புகள் அங்கே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. 2023இல் அவ்வளாகத்தில் அவர்கள் நினைவாகத் தமிழ் மரபுப்படி நடுகல் ஒன்றும் எழுப்பப்பட்டது. பாலத்தில் நின்று படம் எடுப்பதற்கு முன்பு அங்கே போய்ப் பூ வைத்து வணங்குங்கள்.

ஏழாம் நாள் சனி, ஞாயிறாக அமைந்தால் சத்துசாக் சந்தையில் வேண்டியதை வாங்கிக்கொண்டு ரயிலேறலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். புறப்படுவதற்கு முன்பு வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார்? அவர் பெயர் என்ன? எந்தத் தோட்டம்? போனவர் திரும்பினாரா? கிடைத்த விவரத்தை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அந்த நடுகல்லின் முன்னே பிள்ளை அதை உரக்கப் படிக்கட்டும். கல்லில் இல்லாத பெயர் ஒரு குழந்தையின் வாயிலாவது ஒலிக்கட்டும். திரும்பி வந்து பாட்டியிடம், "அங்கே போய்ப் பெயர் சொல்லிவிட்டு வந்தோம்" என்று சொல்லுங்கள். அவருக்கு நீங்கள் பாங்காக்கிலிருந்து வாங்கிவரும் எந்தப் பட்டும் அதற்கு ஈடாகாது.