வயிற்றுக் காயமும் நுண்துளைப் பார்வையும்

உடலில் படும் காயங்களுள் வயிற்றில் பாயும் காயத்தைப் போல் பார்ப்பவரை ஏமாற்றுவது வேறொன்றில்லை. வெளியே அரை அங்குலக் கீறல்தான் தெரியும். உள்ளே கல்லீரல் கிழிந்து குருதி பெருகிக்கொண்டிருக்கும். வேறொருவருக்கு வெளியே அகன்ற பிளவு இருக்கும். உள்ளுறுப்பு எதற்கும் கேடு வந்திராது. கத்தி, உடைந்த கண்ணாடி, கட்டட வேலையிடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பி, மாட்டின் கொம்பு ஆகிய இவற்றுள் எது பாய்ந்திருந்தாலும், அறுவை மருத்துவர் முன் நிற்கும் கேள்வி ஒன்றே: வயிற்றைத் திறக்க வேண்டுமா, வேண்டாமா?

இக்கேள்விக்குரிய விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1899இல் தொடங்கிய போயர் போரில், வயிற்றில் குண்டு பாய்ந்தவரை அறுக்காமல் விட்டுவைப்பதே நலம் என்று படை மருத்துவர் பலர் கருதினர். முதல் உலகப்போரின் அனுபவம் இக்கருத்தைத் தலைகீழாக்கிற்று. வயிற்றைத் துளைத்த காயமெனில் உடனே திறந்து பார்த்துவிட வேண்டும் என்பது விதியாயிற்று. பிறகு 1960இல், நியூயார்க் நகரைச் சேர்ந்த ஷாஃப்டன் என்னும் அறுவை மருத்துவர், காயம் இருப்பதாலேயே திறக்க வேண்டியதில்லை என்றும், நோயாளியின் உடல் காட்டும் குறிகளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்றும் எடுத்துரைத்தார்.

அவர் கூற்றுக்கு அடிப்படை உண்டு. வயிற்றின் முன்புறத்தில் கத்திக் குத்துப் பட்டவர்களைத் தோராயமாக மூன்று கூறாகப் பிரிக்கலாம். ஒரு கூறினருக்குக் கத்தி வயிற்றறையின் உள்ளுறையைத் தாண்டியிராது. இன்னொரு கூறினருக்குத் தாண்டியிருக்கும். ஆயினும் தைத்துச் சீர்செய்ய வேண்டிய சேதம் இராது. எஞ்சிய கூறினருக்கே அறுவை உண்மையில் தேவைப்படும். துப்பாக்கிக் குண்டின் செய்தி வேறு. அது வயிற்றறைக்குள் புகுந்தால் பெரும்பாலும் உறுப்புகளைச் சிதைத்தே விடும்.

தேவையின்றி வயிற்றைத் திறப்பதால் வரும் இழப்பும் சிறிதன்று. குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஆண்டுகள் கழிந்தபின் அடைப்பை உண்டாக்கலாம். தழும்பின் வழியே குடல் பிதுங்கிக் குடலிறக்கம் ஏற்படலாம். சுமை தூக்கிப் பிழைப்பவருக்கு இது பிழைப்பையே பறிக்கும் கேடாகும். மறுபுறம், திறக்க வேண்டிய வயிற்றைத் திறக்காது விட்டால் உயிரே போகக்கூடும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியே லேப்ராஸ்கோபி எனப்படும் நுண்துளை முறை. 1901இல் ஜெர்மானியரான கெல்லிங், நாயின் வயிற்றறைக்குள் காற்றைச் செலுத்தி, சிறுநீர்ப்பையை நோக்கும் கருவியால் உள்ளுறுப்புகளைக் கண்டு காட்டினார். 1910இல் ஸ்டாக்ஹோமில் ஜேக்கபேயஸ் இம்முறையை மனிதரிடம் கையாண்டதை வெளியிட்டார். நம் நாட்டில், மும்பை ஜே.ஜே. மருத்துவமனையின் டாக்டர் உத்வாடியா 1972இல் இதனைப் பொது அறுவை மருத்துவத்தில் கொண்டுவந்தார். 1990இல் இம்முறையாலேயே பித்தப்பையையும் அகற்றினார்.

காயம்பட்டவரிடம் இது செய்யப்படும் விதத்தைக் காண்போம். முழு மயக்கம் கொடுத்தபின், தொப்புளருகே சிறு துளையிட்டு, கரியமில வாயுவை மெல்லச் செலுத்துவர். வயிற்றுச் சுவர் கூடாரம்போல் எழும்பி நிற்க, உள்ளே பார்க்க இடம் கிடைக்கிறது. ஒளியும் காமிராவும் பொருந்திய குழல் அத்துளை வழியே இறங்குகிறது. உள்ளிருப்பன திரையில் பெரிதாகத் தெரிகின்றன. உள்ளுறை துளைபட்டுள்ளதா என்பதே முதல் ஆய்வு. துளைபடவில்லையெனில், வெளிக் காயத்தைத் தைத்து, விரைவில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். துளைபட்டிருந்தால், மேலும் இரண்டொரு துளைகள் வழியே பற்றுக்கருவிகளைச் செலுத்தி, பல அடி நீளமுள்ள சிறுகுடலை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்க்க வேண்டும்.

இம்முறை தன் முழுப் பயனையும் காட்டும் இடம் இடப்புற விலாவின் கீழ்ப்பகுதி. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம், மூச்சை விடும்போது மார்புக் காம்பின் மட்டம்வரை மேலேறும். ஆகவே மார்பில் பட்ட குத்தும் அதைக் கிழித்து வயிற்றை எட்டலாம். அக்கிழிசல் சிறிதாயின் வலியும் இராது, சி.டி. ஸ்கேனிலும் தப்பிவிடக்கூடும். வலப்புறத்தில் கல்லீரல் அணையாக நிற்கிறது. இடப்புறத்தில் அத்தகைய காப்பு இல்லை. பல மாதங்களோ ஆண்டுகளோ சென்றபின், இரைப்பையோ குடலோ அவ்வழியே மார்புக்குள் ஏறி நெரிபடலாம். அக்கிழிசலை நேரில் கண்டு, பல நேரங்களில் துளை வழியாகவே தைத்தும் விட லேப்ராஸ்கோபி உதவுகிறது.

எனினும் இது எல்லாருக்கும் உரிய முறையன்று. இரத்த அழுத்தம் வீழ்ந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிர். அவரை நேரே திறந்தாக வேண்டும். வயிறு முழுவதும் இறுகி, குடல் துளைபட்டதன் குறிகள் தெளிவாகத் தெரிபவருக்கும் பொதுவாகத் திறந்த அறுவையே ஏற்றது. உதரவிதானம் கிழிந்திருந்தால், செலுத்திய வாயு மார்புக்குள் புகுந்து நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கலாம். குடலின் சிறு துளையும், கணையம் போன்று பின்புறம் மறைந்துள்ள உறுப்புகளின் காயமும் கண்ணுக்குத் தப்பக்கூடும். மாறாக, தளராமல் தெளிந்த நிலையில் இருப்பவருக்கு எந்தத் துளையும் வேண்டாதிருக்கலாம். மருத்துவமனையில் ஒரு நாள்வரை வைத்து, அடிக்கடி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நாடியைக் கவனித்து வருவதே போதும்.

சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நம்மவர், இத்தகைய வேளையில் மொழி தெரியாத இடத்தில் ஒப்புதல் தாளில் கையெழுத்திட நேரிடுகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று, தெரிந்தவர் ஒருவரைக் கொண்டேனும் கேட்டறிய வேண்டும். துளையில் தொடங்கிய அறுவை, தேவைப்பட்டால் திறந்த அறுவையாக மாற்றப்படும் என்பதற்கும் அதில் ஒப்புதல் கேட்கப்படுவதுண்டு. அவ்வாறு மாற்றுவது தோல்வியன்று. கண்டதைக் கொண்டு எடுத்த முடிவு. அதேபோல், “இன்று பார்ப்போம்” என்று மருத்துவர் காத்திருப்பதும் அசட்டையன்று.

மருத்துவமனையை அடையும் முன் செய்யத்தக்கவை சில. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கலாகாது. அதுவே குருதியைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். குடல் வெளிவந்திருந்தால் உள்ளே தள்ளாமல், தூய ஈரத்துணியால் மூட வேண்டும். உண்ணவும் பருகவும் எதுவும் கொடுக்கலாகாது. 112 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். எந்தப் பொருள், எவ்வளவு நீளம், எப்போது பட்டது என்பவற்றை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். போலீஸ் வழக்காகுமே என்று தயங்க வேண்டுவதில்லை. காயம்பட்டவருக்குச் சிகிச்சையே முதன்மை, சட்ட நடைமுறைகள் அதற்குப் பின்னரே என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்துள்ளது. காலம் தாழ்த்தாமல் கொண்டு சேர்ப்பது உடனிருப்போர் கடமை. திறப்பதா, துளையிடுவதா, காத்திருப்பதா என்பதை நேரில் கண்டு முடிவு செய்வது மருத்துவர் பொறுப்பு.