மாதச் சம்பளத்தில் பிறந்த கலப்பிசை

மதுரைக்கும் திருச்சிக்கும் பஸ் பிடிக்க சிங்காநல்லூரில் நிற்கிறவர்களிடம், "எம்.எஸ். விஸ்வநாதன் பாட்டுப் போடப் பழகியது இந்தப் பக்கத்தில்தானுங்க" என்று சொல்லிப் பாருங்கள். கோடம்பாக்கம் எப்போது கோவைக்கு வந்தது என்று திருப்பிக் கேட்பார்கள். கோவைக்குக் கோடம்பாக்கம் வரவில்லை. கோவையிலிருந்துதான் ஒரு பகுதி அங்கே போனது. போனபோது இயக்குநர்கள், நடிகர்கள், கவிஞர்களின் பெயர்களையெல்லாம் வரலாறு எழுதி வைத்துக்கொண்டது. அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்த இசைக்குழுவை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் 1930களில் வந்ததும் கோவையில் மில்கள் பெருகின. மில்லில் சேர்ந்த பணத்துக்குச் சினிமாவும் ஒரு தொழிலாகத் தெரிந்தது. ரயில்வேயில் வரைபடக்காரராக இருந்து, 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் கட்டிய வெரைட்டி ஹால் ஏற்கெனவே ஊருக்குப் படம் பார்க்கக் கற்றுக் கொடுத்திருந்தது. அடுத்த படி, படம் எடுப்பது. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. பின்னர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோவும் சேர்ந்துகொண்டது.

சென்ட்ரல் ஸ்டுடியோவின் தொடக்க காலப் படமான 'துக்காராம்' 1938இல் வந்தது. மராத்திய பக்தரின் வேடம் கட்டியவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். கர்நாடக சங்கீதத்தின் பெரிய வித்துவான், பண்டரிபுரத்து பக்தனாகப் பாடியது கொங்கு மண்ணில்! தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944இல் இங்கேதான் படமாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாபநாசம் சிவன் பாட்டும் மெட்டும் கொடுக்க, ஜி. ராமநாதன் வாத்தியங்களைக் கோத்தார். கச்சேரி மேடையில் அவ்வளவாகப் புழங்காத சாருகேசியை டீக்கடை வரைக்கும் கொண்டுவந்தது அந்தப் படம்.

அந்தக் காலத்து ஸ்டுடியோ ஆர்கெஸ்ட்ரா என்பதே ஒரு கதம்பம். கச்சேரியில் பக்கவாத்தியம் வாசித்தவர், நாடகக் கம்பெனியில் ஆர்மோனியத்தோடு வளர்ந்தவர், பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதியவர், இந்துஸ்தானி தபலா பழகியவர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். மைக் ஒன்று, ஒலி நேராகப் படச்சுருளில் பதியும். வயலின் கிட்டே, தாளவாத்தியம் தூரத்தில், சத்தமாக ஊதுகிறவர் சுவரோரம் என்று ஆட்களை நகர்த்தித்தான் ஒலியைச் சமன் செய்ய வேண்டும். கடைசி வரியில் ஒருவர் பிசகினாலும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியதுதான். மிருதங்கக்காரருக்குக் கிளாரினெட்டின் மூச்சும், கிளாரினெட்காரருக்கு மிருதங்கத்தின் தீர்மானமும் தெரியாமல் ஒரு பாட்டு முடியாது. இன்று 'ஃப்யூஷன்' என்று போஸ்டர் போட்டுச் செய்வது, அன்று தவறினால் படச்சுருள் வீணாகும் என்ற பயத்தில் தானாக நடந்தது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இருந்தவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. கடையநல்லூர்க்காரர், நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். சோமசுந்தரமும் மொஹிதீனும் நடத்திய ஜூபிடர் நிறுவனம் சென்ட்ரல் ஸ்டுடியோவில் படம் எடுத்த ஆண்டுகளில், அவர் கைக்கு வந்த வேலைகளைப் பாருங்கள். 1947இல் 'ராஜகுமாரி': எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனான படம், ராஜா ராணிக் கதை. 1949இல் 'கன்னியின் காதலி': ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' தமிழ் பேசிய படம், கண்ணதாசனின் முதல் திரைப்பாட்டும் அதில்தான். 1951இல் 'மர்மயோகி': பேய் நடமாடியதால் தமிழில் முதன்முதலாக 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம். கடைசி இரண்டிலும் சி.ஆர். சுப்பராமனும் அவரோடு இசையில் இருந்தார். ஷேக்ஸ்பியருக்கு எந்த ராகம்? பேய்க்கு எந்தத் தாளம்? பதில் எழுதி வைத்த புத்தகம் அன்று எதுவும் கிடையாது. வாசித்துப் பார்த்து, ஒத்துவராததைத் தள்ளி, மறுபடி வாசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அந்தக் கூடத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த பாலக்காட்டு எலப்புள்ளிப் பையன்தான் விஸ்வநாதன். நடிக்க ஆசைப்பட்டு வந்தவர் ஆர்மோனியத்தின் பக்கம் ஒதுங்கினார். 'அபிமன்யு' (1948) படத்தில் ஒரு டூயட்டுக்கு அவர் போட்ட மெட்டு, சுப்பையா நாயுடுவின் பெயரிலேயே வெளிவந்தது. ஜூபிடர் கோவையை விட்டுச் சென்னைக்குக் கிளம்பியபோது, "அந்த மெட்டு இந்தப் பையனுடையது, கூட்டிப் போங்கள்" என்ற பொருளில் முதலாளியிடம் சொல்லி அனுப்பியவர் நாயுடுதான். எம்.எஸ்.வி. பிற்காலத்தில் நன்றியோடு திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது. 1952இல் 'பணம்' படத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்ற பெயர் திரையில் வந்தபோது ஏதோ புதிதாகப் பிறந்தது போல எல்லாரும் பேசினார்கள். அதன் ஒத்திகை சிங்காநல்லூரில் பல வருஷம் நடந்திருந்தது.

டி.எம். சௌந்தரராஜனின் குரலையும் இதே காதோடு கேட்கலாம். 1950இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் நாயுடுவின் இசையில் அறிமுகமான அவர், அச்சு அசல் பாகவதர் பாணியில் பாடினார். நான்கே வருஷத்தில் பட்சிராஜாவின் 'மலைக்கள்ளன்'. முதன்முதலாக எம்.ஜி.ஆருக்குக் குரல் கொடுத்த அந்தப் படத்துப் பாட்டில் பாகவதரின் நீண்ட சங்கதிகள் இல்லை. கூட்டத்தைப் பார்த்து நேராகக் கேள்வி கேட்கிற தொண்டை இருக்கிறது. இரண்டுக்கும் இசை ஒரே ஆள். தமிழ் சினிமாவின் பாட்டு கச்சேரி மேடையிலிருந்து தெருவுக்கு இறங்கிய இடம் எது என்று என்னைக் கேட்டால், இந்த நான்கு வருஷத்தைக் காட்டுவேன். நாயுடு பிறகு சென்னையிலும் கலப்பதை நிறுத்தவில்லை. 1962இல் 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலையும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தையும் ஆபேரியில் எதிரெதிரே நிறுத்தினார். அந்தப் பாட்டை இன்றும் பாட்டுப் போட்டிகளில் பாடிப் பரிசு வாங்குகிறார்கள். மெட்டு யாருடையது என்று கேட்டால் தயங்குகிறார்கள்.

ஏன் மறந்தோம்? நட்சத்திரங்களும் விநியோகஸ்தர்களும் லேபும் சென்னையில் குவிந்தன. ஏவி.எம். 1948இல் காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கம் போயிற்று. ஜூபிடர் அடையாறு நெப்டியூன் ஸ்டுடியோவுக்குப் போயிற்று. திலீப்குமாரும் மீனாகுமாரியும் நடித்த 'ஆசாத்' (1955) படத்தை எடுத்த பட்சிராஜா இன்னும் சில காலம் தாக்குப் பிடித்தது. அதன் பிறகு கோவையின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வாத்தியக்காரர்களின் பெயர்கள் டைட்டிலில் வருவது அபூர்வம் என்பதால், ஸ்டுடியோ கலைந்ததும் அவர்களைத் தேடிப் பிடிக்க ஒரு பட்டியல்கூட மிஞ்சவில்லை.

இன்று அந்தப் படங்கள் யூடியூபில் கிடைக்கின்றன. இயர்போன் மாட்டிக்கொண்டு, பாடகரை விட்டுவிட்டுப் பின்னால் ஓடுவதை மட்டும் கேட்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். கோவையிலேயே ஒரு படுக்கையறை, ஒரு லேப்டாப், ஒரு மைக் இருந்தால் ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் தனி ஆளாக அடுக்கிவிடலாம். பிசகினால் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டலாம். இன்ஜினீயரிங் காலேஜ் விழாவில் கிடாரும் தவிலும் சேர்ந்து வாசித்தால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை.

இன்னொரு மாற்றம் அதைவிடப் பெரியது. சிங்காநல்லூர்க் கூடம் வடக்கையும் மேற்கையும் கலந்தது. ஆனால் காம்பவுண்டுக்கு வெளியே கோயில் நோம்பி தவறாமல் அடித்த பம்பை, உருமி மேளங்கள் அந்தப் பாட்டுகளில் எனக்கு அதிகம் கேட்கவில்லை. இன்று ஜமாப் செட்டுகள் என்ற மேளக் குழுக்கள் கல்யாணத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் ஊர் ஊராகப் போகின்றன. சினிமா மெட்டைத் தங்கள் அடிக்கு மாற்றிக்கொள்கின்றன. வள்ளி ஒயில் கும்மி ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்த கோவை மாவட்டத்துப் பெரியவர் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அன்று வாசலில் நின்ற இசை இன்று நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் இன்றுதான் உசத்தியா? முழுக்க ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. கருவியும் அங்கீகாரமும் இன்று கூடியிருக்கின்றன, குறைந்திருப்பது நேரம். ஸ்டுடியோ ஆர்கெஸ்ட்ராவுக்கு மாதச் சம்பளம் உண்டு. பாட்டு ஒத்துவராத நாளிலும் வீட்டில் உலை கொதிக்கும். எடுபிடிப் பையன் ஆர்மோனியத்தில் கை வைத்து வீணடித்த மாலைகளுக்கும் சேர்த்துத்தான் முதலாளி கூலி கொடுத்தார். இன்றைய ஜமாப் கலைஞருக்குச் சீசன் முடிந்தால் வருமானம் இல்லை. அழைத்தவர் கேட்ட பாட்டை அடிக்காவிட்டால் அடுத்த அழைப்பும் இல்லை. அவர் எங்கே உட்கார்ந்து, யார் செலவில், தோற்றுப் பார்ப்பார்?

சுப்பையா நாயுடுவின் குழு காலத்தை முந்தியது என்று பாராட்டுகிறபோது மேதைமையை மட்டும் பேசுகிறோம். அந்த மேதைமையைச் சம்பளப் பட்டியலில் ஏற்றி வைக்க ஒரு மில் ஊருக்குத் தெம்பு இருந்தது. இன்று அதைவிடப் பல மடங்கு பணம் புரள்கிற கோவை, பத்து இளம் வாத்தியக்காரர்களுக்கு ஒரு வருஷச் சம்பளம் கொடுத்து ஒரே கூடத்தில் உட்கார வைக்கட்டும். பம்பைக்குப் பக்கத்தில் பியானோ என்ன பேசுகிறது என்று அவர்கள் கண்டுபிடிப்பார்கள். இந்த முறை பெயர்களையும் எழுதி வைப்போம்.