மாலையில் வரும் மௌனம்

கணவனும் மனைவியும் உத்தியோகம் பார்ப்பது இன்று புதுமையன்று. இரண்டு சம்பளம் வருவதை ஊரார் பேசுகின்றனர். இரண்டு களைப்பும் உடன் வருவதைப் பேசுவோர் சிலரே. அக்களைப்பைக் குறித்தே நேயர்களுடன் சிறிது பேச விரும்புகிறேன்.

வேலைச்சுமை மிகும்போது உடல் தற்காப்புக்கு ஆயத்தமாகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் ஹார்மோன்கள் குருதியில் மிகுகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. புலியைக் கண்டால் ஓடித் தப்புவதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. மேலதிகாரியைக் கண்டு ஓட இயலாதாகையால், அந்தப் பதற்றம் அடங்காமலே பேருந்தேறி வீடு வந்து சேர்கிறது.

வந்தபின் அது சினமாகவே வெளிப்படும் எனப் பலரும் எண்ணுவர். அமெரிக்க உளவியலாளர் ரெனா ரெப்பெட்டி, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பணியாளர்களின் இல்வாழ்க்கையை ஆராய்ந்து 1989-இல் வெளியிட்ட கட்டுரை வேறொன்றைக் காட்டிற்று. வேலை கடுமையாயிருந்த நாட்களில் அவர்கள் மாலையில் பேச்சைக் குறைத்து ஒதுங்கினர். துணைவர் ஆதரவாயிருந்து அவ்வாறு ஒதுங்க இடங்கொடுத்தபோது சினமும் குறைந்தது. ஆகவே அந்த மௌனம் வெறுப்பன்று. ஓய்வு தேடும் முயற்சி.

ஆனால் இருவருமே களைத்து வந்தால் யார் ஒதுங்குவது, யார் இடங்கொடுப்பது? நம் நாட்டில் 2019-இல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேரே வீட்டுவேலையில் கைவைத்தவர்கள்! இஃது உத்தியோகம் பார்ப்போரை மட்டும் குறித்த கணக்கன்று. எனினும் அலுவலகத்திலிருந்து நேரே அடுப்பங்கரைக்குச் செல்பவள் எங்கே ஒதுங்கி அமர்வாள்? அவளுடைய மௌனத்திற்கு இடமில்லாமையால், அது பாத்திரங்களின் ஓசையாகக் கேட்கிறது.

பிள்ளைகள் இதனைத் தவறாகவே படிக்கின்றனர். பெற்றோர் வாய்மூடியிருந்தால், தன்மேல்தான் கோபமென்று பத்து வயதுப் பிள்ளை முடிவு செய்துவிடும். வகுப்பில் காரணமின்றி வாடியிருந்த மாணவர் பலரை விசாரித்தபோது இதையே கண்டேன். "இன்று வேலை அதிகம், அம்மாவுக்கு அரைமணி நேரம் வேண்டும்" என்ற ஒரு வாக்கியம் போதும், பிள்ளை தெளிந்துவிடும்.

அந்த அரைமணியை முறைவைத்துக் கொள்வதே நான் பல இல்லங்களுக்குச் சொல்லிவரும் ஏற்பாடு. இன்று மனைவிக்கு ஓய்வு. அரிசி களைவதும் வாய்ப்பாடு கேட்பதும் கணவனுடையவை. நாளை மாற்றிக்கொள்வது. அந்நேரத்தில் கைப்பேசி இருவருக்கும் ஆகாது. அலுவலகம் அதன் வழியே மீண்டும் உள்ளே வந்துவிடும். முதல் வாரம் சோறு சற்றுக் குழையக்கூடும்.